கையில் இருக்கும் வாத்தியத்தில் நெகாராகூ

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

ஸ்ரீ கெம்பாங்கான் போன்ற வட்டாரங்களில் சிறிய தமிழ்ப்பள்ளிகளின் சபைகூடலில் பிள்ளைகள் மலேசியாவின் தேசிய கீதமான நெகாராகூ பாடுகிறார்கள்; இசையோ ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. இசை அறையில் ரெக்கார்டர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. மாலையில் புல்லாங்குழலோ வயலினோ கற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து வாசிப்பதற்கேற்ற இசைக்குறிப்புதான் இல்லை.

முழு பேண்டு வாத்தியக் குழுவுக்கு எழுதிய குறிப்பில் டிரம்பெட், டிராம்போன், டூபா என ஒவ்வொன்றுக்கும் தனிப்பகுதி உண்டு. டூபா இல்லாத பள்ளியில் அடிச்சுரம் விழுந்துவிடும்.

இதற்கு வழி உண்டு. மெட்டு, இரண்டு இணைக்குரல்கள், அடிச்சுரம் என நான்கே பகுதிகளாக எழுதி, எந்தப் பகுதியையும் அதன் சுர வீச்சை வாசிக்கக்கூடிய எந்த வாத்தியமும் எடுத்துக்கொள்ளும்படி விடுவது. ஆஸ்திரேலியாவில் பிறந்த இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1929இலேயே பள்ளிக் குழுக்களுக்காக இத்தகைய நெகிழ்வான முறையை வலியுறுத்தி எழுதினார்.

நான்கு பகுதிகளையும் வாத்தியத்துக்கு வாத்தியம் சுருதி மாற்றி எழுதித் தருவதுதான் பெரிய வேலை. பள்ளிகளில் புழங்கும் கிளாரினெட்டில் 'ஸி' என்று எழுதியதை ஊதினால் ஆறரைக் கட்டை ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோனில் இரண்டரைக் கட்டை. ஒரே தாளை எல்லாருக்கும் கொடுத்தால் சுருதி சிதறும். ரெக்கார்டர் பிடிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு விரலுக்கு எளிதான சுரங்களும் வேண்டும். இந்தச் சுமையை ஒவ்வோர் ஆசிரியரும் தனியாகச் சுமப்பதைவிட அமைச்சு ஒருமுறை செய்துவிடலாம்.

கீதத்தின் கண்ணியம் குறையுமோ என்ற தயக்கம் நியாயமானது. 1968ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டம் அவமதிப்பைத் தண்டிக்கிறது. ஆசிரியர்கள் தாமாக மாற்றி எழுதத் தயங்குவதும் அதனால்தான். அமைச்சின் முத்திரையோடு ஒரு குறிப்பு வந்தால் அந்த அச்சம் நீங்கும்.

இந்த மெட்டு பல வாத்தியங்களைக் கண்டு வந்தது. சுதந்திரத்துக்கு முன் தேசிய கீதத்துக்காக நடந்த உலகளாவிய போட்டிக்கு வந்த 514 படைப்புகளும் பொருந்தவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், சுபிர் சயிட் போன்ற இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கியவையும் தேறவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு கடைசியில் பேராக் மாநில கீதத்தின் மெட்டைத் தேர்ந்தது. அதே மெட்டு 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாக மக்கள் வாயில் இருந்தது. 1947இல் ஹவாய் கித்தார் குழுவொன்றும் அதைப் பதிவு செய்தது. 1992இல் கீதத்தின் நடை வேகமானது. 2003இல் இசையமைப்பாளர் வா இட்ரிஸ் கைவண்ணத்தில் பழைய நிதானத்துக்குத் திரும்பியது. நடையும் வாத்தியங்களும் மாறிய காலத்திலும் மெட்டு நிலைத்தது.

ஆகவே வேண்டுகோள் இது: மெட்டும் நடையும் மாறாத நான்கு பகுதிக் குறிப்பு ஒன்றை அமைச்சு வெளியிட வேண்டும். சுரப் பெயர்களும் சேர்ந்து அச்சாகட்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கர்நாடக இசை கற்கும் பிள்ளைகள் உடனே வாசிக்க அது உதவும். எல்லாப் பள்ளிகளும் இலவசமாகப் பதிவிறக்கும்படி இருக்கட்டும். தேசிய தினத்துக்கு இரண்டு மாதம் முன்பே கைக்கு வந்தால், ஸ்ரீ கெம்பாங்கானின் தமிழ், சீன, தேசியப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே திடலில் கூடி ஒத்திகை பார்க்கலாம்.

பணிவுடன்,
ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஓர் இசை ஆசிரியர்