விதியன்று, சட்ட மீறல்

1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வுக்குப் பின் மானிப்பாயை விட்டுக் கொழும்பு சேர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, அதில் அறுவர். தந்தையார் புறக்கோட்டைக் கடையொன்றிற் சிப்பந்தி. விடியுமுன் செல்பவர் இரவு ஒன்பது மணிக்கே திரும்புவார். மூட்டை சுமந்து முதுகு பிடித்து இரு வாரம் படுக்கையிற் கிடந்தார். மீண்டு சென்றபோது அவ்விடத்தில் வேறொருவர் நின்றார். “எங்கள் விதி” என்று தந்தையார் வாளாவிருந்தார்.

அடுத்த அறையிற் குடியிருந்த சிங்களத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் அதை ஏற்கவில்லை. தந்தையாரைத் தமது சங்கக் காரியாலயத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு மனு எழுதப்பட்டது. தொழில் திணைக்களத்தில் விசாரணை நடந்தது. முதலாளி கட்டாது விட்ட சேமலாப நிதி கைக்கு வந்தது. விதியென்று நாம் நம்பியது வெறும் சட்ட மீறல் என்பதை அன்றே அறிந்தோம். பின்னர் சட்டம் பயிலப் புகுந்ததும் அதனாலேயே.

கொழும்பின் தொழிற்சங்க இயக்கம் எமக்கு அந்நியமானதன்று. 1923இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த பொது வேலைநிறுத்தம் பல இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்தது. அவரே 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது இயக்கம் பிளவுண்டது. 1947 ஜூன் 5ஆம் திகதி, வேலைநிறுத்தத்தின் நடுவே பொலிசாரின் குண்டுக்கு இரையான எழுதுவினைஞர் கந்தசாமி ஒரு தமிழர். அவ்வேலைநிறுத்தத்தில் முன்னின்ற நா. சண்முகதாசன் இதே மானிப்பாயிற் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்தும் உத்தியோகம் நாடாது முழுநேரத் தொழிற்சங்க ஊழியரானவர்.

இவர்களை ஈன்ற மண்ணின் பிள்ளைகள் இன்றும் கடைகளுக்கு வேலை தேடிச் செல்கின்றனர். எட்டு மணி நேரமே நாள் வேலை, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் விதித்துள்ளதை அவர்களுட் பலர் அறியார். ஏழு பேர் சேர்ந்தாற் சங்கம் பதியலாம் என்று 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூறுவதையும் அறியார். சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் 8 செலுத்த வேண்டும் என்பதையும் அறியார்.

“முதலாளி நம்மவர், நமக்குள் சங்கமேன்?” என்பர் சிலர். வைத்தியருக்குச் சங்கமுண்டு, ஆசிரியருக்குச் சங்கமுண்டு; மூட்டை சுமப்பவனுக்கு மட்டும் உறவுமுறை போதுமா? வெங்காயத்துக்கு வியாபாரி சொன்னதே விலை என்றானபோது கமக்காரர் கொதிக்கவில்லையா? மகனின் உழைப்புக்கு முதலாளி சொன்னதே கூலி என்றால் வாளாவிருப்பது எந்த நியாயம்?

ஆதலால் நாம் வேண்டுவன இரண்டு. பெற்றோரே, பிள்ளையை வேலைக்கு அனுப்புமுன் வேலை நிபந்தனைகளை எழுத்திற் கேட்டு வாங்குங்கள். அது சட்டம் தந்த உரிமை. சட்டம் கற்ற நண்பர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு ஊர்ச் சனசமூக நிலையத்தில் அமர்ந்து இவர்களின் மனுக்களை எழுதிக் கொடுங்கள். எம் தந்தையாருக்காக அன்று ஒருவர் எழுதினார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.