முயல் ஜோடி: ஒரே கூண்டா, தனிக் கூண்டா?



நம்ம பள்ளிக்கூடத்தில் நிறைய பேர் வீட்டில் முயல் இருக்கிறது. "எங்க முயல் குட்டி போட்டிருக்கு, உனக்கு வேணுமா?" என்று யாராவது கேட்டால் முதல் தடவை பத்து கை உயரும். மூன்றாவது தடவை ஒரு கையும் உயராது. அந்தக் குட்டிகள் என்ன ஆகும்? அதை யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். ஆண் முயலையும் பெண் முயலையும் ஒரே கூண்டில் விடக் கூடாது என்பதே என் கருத்து.

"ஒத்தையா வளர்த்தா செத்துப்போகும், ஜோடியா வாங்கிட்டுப் போ தம்பி" என்று விற்கிறவர் சொல்வார். இதில் பாதி உண்மை. முயல் கூட்டமாக வாழும் பிராணி, அதற்குத் துணை வேண்டும். ஆனால் துணை என்றால் ஆணும் பெண்ணுமாகத்தான் இருக்கணுமா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். குட்டி போட்ட அன்றைக்கே ஆணோடு சேர்ந்தால் மறுபடியும் சினை பிடிக்கும். ஈத்துக்கு 6 குட்டி என்று வைத்தாலும் மூன்று மாதத்தில் 18 குட்டி! நாலைந்து மாதத்தில் அந்தக் குட்டிகளும் பருவத்துக்கு வந்துவிடும். அண்ணன், தங்கை என்பதெல்லாம் முயலுக்குத் தெரியாது. இத்தாலி நாட்டுக் கணித அறிஞர் ஃபிபோனாச்சி 1202-ஆம் ஆண்டிலேயே முயல் ஜோடியை வைத்துத்தான் கணக்குப் போட்டார். 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் அந்த வரிசையில் 12-ஆவது எண் 144. அவர் போட்டது தாளில். நம்ம வீட்டுக் கூண்டோ இரண்டடி.

தாய் முயலையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பால் கொடுக்கணும், வயிற்றில் அடுத்த ஈத்து. உடம்பு இளைத்துப்போகும். முயல் குட்டி பிறக்கும்போது ரோமம் இருக்காது, கண் திறக்கவே பத்து நாள் ஆகும். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டு வைக்கும். அந்தச் சின்ன இடத்தில் ஆண் முயல் துரத்திக்கொண்டே இருந்தால் குட்டிகள் மிதிபட்டுச் சாகும்.

நம்ம ஊர் நிலைமை வேறு. பலர் வீட்டில் அப்பா அம்மா விடியறதுக்குள் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நாமும் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறோம். பகலில் கூண்டைப் பார்க்க ஆள் கிடையாது. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டைத் தணிக்கும். தோட்டத்து மேட்டில் குளிர் இருக்கலாம். கீழே போடியில் சித்திரை வெயிலுக்கு, தகரக் கூரையின் கீழ் இரண்டு முயலே தவிக்கும். இருபது இருந்தால்? புல்லுக்கும் கஷ்டம்தான். ஏலத்துக்கு மருந்து அடித்த இடத்தில் அறுத்த புல்லை முயலுக்குப் போட முடியாது. இரண்டுக்கு நல்ல புல் தேடலாம், இருபதுக்கு எங்கே போவது?

"ரொம்பப் பெருகினா மலையில விட்டுடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டு முயல் வேறு, காட்டு முயல் வேறு. கூண்டில் பிறந்தது ஒரு ராத்திரிகூடத் தாங்காது. தாங்கிவிட்டால் அது இன்னும் ஆபத்து. 1859-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காகக் கொஞ்சம் முயல்களைத் திறந்துவிட்டார். அவை பெருகிப் பயிரை அழித்தன. 1901 முதல் 1907 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரிய வேலி கட்டியும் தடுக்க முடியவில்லை.

"பண்ணையில ஜோடியா வளர்க்கிறாங்களே?" என்று கேட்கலாம். நம்ம பக்கத்து மலையான கொடைக்கானலில், மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே 'ஒயிட் ஜெயன்ட்', 'சோவியத் சின்சில்லா' முயல் இனங்கள் உண்டு. பண்ணை முறையில் வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூண்டுதான். இணை சேர்க்கும் நாளில் மட்டும் பெண்ணை ஆண் கூண்டுக்குக் கொண்டுபோய், பிறகு பிரித்துவிட்டுத் தேதியைக் குறித்து வைப்பார்கள். குட்டி வேண்டும் என்கிறவர்களே பிரித்து வைக்கிறார்கள். குட்டி வேண்டாத நாம் சேர்த்து வைக்கிறோம்!

சரி, என்ன செய்யலாம்?

1. துணை வேண்டுமானால் சின்னதிலிருந்தே சேர்ந்து வளர்ந்த இரண்டு பெண் முயல்களை வாங்கலாம். இரண்டு ஆண் வேண்டாம், வளர்ந்ததும் கடித்துக்கொள்ளும்.

2. ஏற்கெனவே ஜோடி இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூண்டு வையுங்கள். நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒன்றையொன்று பார்க்கும், மோப்பம் பிடிக்கும், அது போதும்.

3. குட்டியில் ஆணா பெண்ணா என்று தெரிவது கஷ்டம். இரண்டரை மாதத்தில் கால்நடை டாக்டரிடம் காட்டிப் பிரித்துவிட வேண்டும்.

4. ஆணுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய முடியுமா என்றும் அவரிடமே கேட்கலாம். செய்தாலும் ஆறு வாரம் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

"பாவம், பிரிச்சு வைக்கலாமா?" என்பார்கள். பாவம் பார்ப்பதென்றால், பிறந்தும் யாரும் வாங்கிக்கொள்ளாத குட்டிக்குத்தான் முதலில் பார்க்கணும். குட்டி வேண்டுமா? வாங்கிக்கொள்ள நாலு வீடு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பிறகு கூண்டைத் திறங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி