குறிப்பேடு எங்கே இருக்க வேண்டும்?

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் வீற்றிருக்கும் கற்பக விநாயகரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது நகரத்தாரின் ஒன்பது கோவில்களுள் ஒன்று. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய அவர்களுக்குக் கணக்கேடுதான் உயிர். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் கணக்கில் ஒரு நியதி உண்டு. தவறு நேர்ந்தால் பழைய வரியைச் சுரண்டி அழிக்கக் கூடாது. திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும்.

கணிப்பொறி நிரல் எழுதுவோருக்கும் இத்தகைய ஏடு உண்டு. 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் இவ்வகை ஏற்பாடு ஒன்றை உருவாக்கினார். இன்று பெரிதும் பயன்படும் 'கிட்', 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் செய்தது. நிரலை மாற்றிப் பதியும் ஒவ்வொரு முறையும் யார், எப்பொழுது, எதை மாற்றினார் என்பதைக் கிட் காத்து வைக்கிறது. ஒவ்வொரு பதிவும் முந்திய பதிவைச் சுட்டுவதால், நடுவில் ஒன்றை மாற்றினால் அதன்பின் வரும் பதிவுகளின் அடையாள எண்கள் யாவும் மாறிவிடும்.

சரி, "இனிச் செய்ய வேண்டியவை" என்னும் குறிப்பை எங்கே வைப்பது? பலர் அதை நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ வைக்கிறார்கள். அது நிரல் இருக்கும் அடைவுக்குள்ளேயே, எளிய எழுத்துக் கோப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் வட்டி கணக்கிடும் நிரல் ஒன்று எழுதுகிறீர்கள். "1900-ஐ லீப் ஆண்டு என்கிறது, திருத்துக" என்று குறிப்பில் ஒரு வரி. பிழையைத் திருத்தியதும் அவ்வரியில் "முடிந்தது" என்று சேர்த்து, இரண்டையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் நிரலை ஏற்று நடத்தப்போகும் இளைய மாணவன், 100 ஆல் வகுபடும் ஆண்டுக்கு ஏன் தனி விதி, 400 ஆல் வகுபட்டால் ஏன் விலக்கு என்று திகைக்க மாட்டான். காரணமும் காரியமும் ஒருங்கே இருக்கும். குறிப்பு தனியே கிடந்தால் அது பழசாகிப் பொய் சொல்லத் தொடங்கும். நிரலை நம்புவதா, குறிப்பை நம்புவதா?

எளிய எழுத்து எதற்கு? கிட் வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும். அலங்கார ஆவணங்கள் பெரும்பாலும் சுருக்கிக் கட்டிய பொதிகள். அவற்றில் இவ்வொப்பீடு எளிதன்று.

இம்முறையில் இடர்களும் உண்டு. இருவர் ஒரே வரியை மாற்றினால் மோதல் வரும். ஆகவே ஒரு வேலைக்கு ஒரு வரி போதும். நிரல் எழுதாதவர்கள் பலர் கூடிச் செய்யும் பணிக்குத் தனிப் பட்டியலே வசதி. கடவுச்சொல்லை மட்டும் இக்கோப்பில் எழுதிவிடாதீர்கள். பின்னர் நீக்கினாலும் பழைய பதிவில் அது நிற்கும். ஏடு எதையும் மறப்பதில்லை அல்லவா?

அடுத்த நிரலைத் தொடங்கும்போது, முதல் வரிக்கு முன்பே ஒரு குறிப்புக் கோப்பைத் திறந்து வையுங்கள். அதுவே உங்கள் பிள்ளையார் சுழி.