உப்புக் குறைப்பு: இலக்கு ஒன்று, வழி வேறு

புதுதில்லி: உலக மக்கள் உட்கொள்ளும் உப்பின் அளவை 2025-ஆம் ஆண்டுக்குள் 30 சதவீதம் குறைப்பது என 2013-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு எட்டப்படவில்லை. கெடு 2030 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பணக்கார நாடுகளுக்குப் பொருந்திய வழிமுறையை மட்டுமே இந்தியா போன்ற நாடுகள் நம்பியிருந்தால், இந்தக் கெடுவும் கடந்து போகும் என்பதையே இதுவரையிலான அனுபவம் காட்டுகிறது.

வயதுவந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால், உலக சராசரி 10.8 கிராம். இந்தியாவில் 2017-18-இல் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி சராசரி 8 கிராம்; ஆண்கள் 8.9 கிராமும் பெண்கள் 7.1 கிராமும் உட்கொள்கின்றனர். மிகையான உப்பு ரத்த அழுத்தத்தை உயர்த்தி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கிறது. உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்பவர்கள். சிகிச்சைக்கு வசதி குறைந்த இடத்திலேயே நோயின் சுமை அதிகம்.

பிரிட்டன் காட்டிய வழி: வளர்ந்த நாடுகளில் மக்கள் உண்ணும் உப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, தொழிற்சாலையிலோ உணவகத்திலோ சேர்க்கப்படுவது. எனவே, அரசு பேச வேண்டியது சில நூறு நிறுவனங்களுடன் மட்டுமே. பிரிட்டன் 2003-க்குப் பிறகு அதைத்தான் செய்தது. ரொட்டி, சூப், பதப்படுத்திய இறைச்சி என ஒவ்வொரு வகைக்கும் உப்பின் அளவு நிர்ணயிக்கப்பட்டு, நாக்கு உணராதபடி சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. 2000-01-இல் 9.5 கிராமாக இருந்த சராசரி 2011-இல் 8.1 கிராமாக இறங்கியது. அதன்பின் கண்காணிப்புப் பொறுப்பு கைமாறி, நிறுவனங்களின் சுயக் கட்டுப்பாட்டுக்கு விடப்பட்டபோது வேகமும் தளர்ந்தது.

இந்தியாவின் நிலை: இங்கே உப்பின் பெரும்பகுதி சேர்வது வீட்டு அடுப்படியில். குழம்பிலும் பருப்பிலும், ஊறுகாயிலும் அப்பளத்திலும் சேரும் உப்புக்கு எந்த நிறுவனத்துடனும் ஒப்பந்தம் போட முடியாது. கோடிக்கணக்கான சமையலறைகளுடன் அரசு பேச்சு நடத்துவதும் சாத்தியமில்லை. "குறைத்துக் கொள்ளுங்கள்' என்ற அறிவுரைக்கும் எல்லை உண்டு. காய்கறி வாங்க இயலாமல் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோற்றையோ ரொட்டியையோ உண்டு முடிக்கும் கூலித் தொழிலாளிக்கு உப்பு வெறும் சுவை அல்ல, அதுவே கறி.

அடுப்படியில் உப்பைக் குறைக்க முடியாவிட்டால், உப்பையே மாற்றலாம் என்கின்றன அண்மைக்கால ஆய்வுகள். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு, சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21 ஆயிரம் பேரிடம் சுமார் 5 ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்கள், ரத்த அழுத்தம் மிகுந்த முதியோர் ஆகியோரிடம் நடந்த அந்த ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் தெரியவந்தது. தெலங்கானாவின் சித்திப்பேட்டை பகுதிக் கிராமங்களில் 502 பேரிடம் 3 மாதம் நடந்த ஆய்விலும் ரத்த அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. சாதாரண உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

விலையே தடை: தமிழக அரசு 2014-இல் அம்மா உப்பு வகைகளை அறிமுகப்படுத்தியபோது, சுத்திகரிக்கப்பட்ட அயோடின் உப்பு கிலோ ரூ. 10-ஆகவும், சோடியம் குறைந்த உப்பு ரூ. 21-ஆகவும் இருந்தது. அரசு நிறுவனமே தயாரித்தும் விலை இருமடங்காக இருந்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு எட்டாத விலையில் உள்ள மாற்று, மாற்றே ஆகாது. நியாய விலைக் கடைகள் மூலம் மானிய விலையில் வழங்கினால்தான் அது ஏழைகளின் வீட்டை அடையும். அரசால் இது முடியாததல்ல. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்க 2006-இல் தடை விதித்து, உப்புப் பொட்டலத்தின் வழியே வீடுகளின் அடுப்படி வரை சென்ற நாடு இது.

பாக்கெட் உணவுகள்: அதற்காக நிறுவனங்களை விட்டுவிடலாகாது. பாக்கெட் உணவுகளின் விற்பனை நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்கும் பரவிவிட்டது. உலகின் 30 பெரிய உணவு நிறுவனங்களை ஆராய்ந்த நெதர்லாந்தின் ஏ.டி.என்.ஐ. அமைப்பு, அவற்றின் பொருள்களுக்கு 5-க்கு அளித்த சராசரி மதிப்பெண் பணக்கார நாடுகளில் 2.3, ஏழை நாடுகளில் 1.8 என 2024-இல் கூறியது. சட்டம் தளர்ந்த இடத்தில் தரமும் தளர்கிறது.

இது பணம் மட்டும் சார்ந்த விஷயமல்ல. ரொட்டி உள்ளிட்ட உணவுகளில் உப்புக்கு உச்ச வரம்பு விதித்து 2016-இல் சட்டப்படி அமலாக்கியது தென்னாப்பிரிக்கா. அதே ஆண்டில் கருப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது சிலி. 2020-இல் மெக்ஸிகோ அதைப் பின்பற்றியது. உப்புக் குறைப்புக்கான முழுமையான நடவடிக்கைகள் உள்ளவை என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட 9 நாடுகளில் பிரேசில், மலேசியா, மெக்ஸிகோ ஆகியவையும் இருந்தன.

இந்தியாவிலோ, பாக்கெட்டின் முன்புறம் எச்சரிக்கை அச்சிடும் திட்டம் 2018-இல் வரைவானது. 2022-இல் அது நட்சத்திர மதிப்பீடாக உருமாறியது. நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்தால் உப்பு மிகுந்த பொருளும் கூடுதல் நட்சத்திரம் பெறலாம் என்பது நுகர்வோர் அமைப்புகளின் ஆட்சேபம். பொதுநல மனு ஒன்றில், நிபுணர் குழு 3 மாதத்துக்குள் பரிந்துரை அளிக்க வேண்டும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் அந்த அவகாசமும் நீட்டிக்கப்பட்டது.

கடைக்கு வரும் பாக்கெட்டில் கண்டிப்பான எச்சரிக்கை, நியாய விலைக் கடையில் மலிவான மாற்று உப்பு - இந்த இரண்டையும் முடிவு செய்யும் அதிகாரம் அரசுகளின் கையில் உள்ளது. இவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு, நாக்கைக் கட்டுப்படுத்துமாறு மக்களிடம் மட்டும் சொல்லிக் கொண்டிருப்பது, அரசின் பொறுப்பை ஏழையின் தட்டில் வைப்பதாகும்.