ஏட்டு ஔவையும் திரை ஔவையும்

நல்ல நூலொன்றை விரும்பிக் கற்றவர், அந்நூல் திரைப்படமாக வருகின்றது, தொலைக்காட்சித் தொடராக வருகின்றது என்று கேட்ட அளவில் பெரிதும் மகிழ்வர். நாளை எண்ணிக் காத்திருப்பர். ஆனால், பார்த்து முடித்து எழும்போது அவர்களுள் பலர் முகத்தில் அம்மகிழ்ச்சி இருப்பதில்லை. "இது நாம் படித்த கதை அன்று" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுவர். அவ்வாறு முணுமுணுப்பவர் எல்லாரும் ஒரே காரணம் சொல்வதில்லை. அவர்கள் கூறும் காரணங்களுள் சில வலிமையற்றவை. சில ஆழ்ந்து எண்ணத் தக்கவை.

கல்கி 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை வாரந்தோறும் எழுதிவந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களால் ஆயது. இயக்குநர் மணிரத்னம் அதனை இரண்டு படங்களாக்கி 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். மணிமேகலை என்னும் பெண் படத்தில் இல்லையே என்று வருந்தியவர் சிலர். பூத்தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதனே சோழ அரியணைக்கு உரியவன் என்று நூலின் இறுதியில் வெளிப்படுகின்றதே, அத்திருப்பத்தைக் கைவிட்டு விட்டார்களே என்று குறை கூறியவர் வேறு சிலர். இக்குறைகள் உண்மையே. எனினும், ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடக்குபவர் எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும். குடத்து நீரைச் செம்பில் ஊற்றுபவரை நோக்கி, "ஏன் சிந்தினாய்?" என்று கடிந்துகொள்வது முறையாகாது. விடுபட்டவற்றை எண்ணிக் கணக்கிடுவது கணக்கர் தொழில். நூலை விரும்பிக் கற்றவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதன்பொருட்டு அந்நூலை மக்கள் விரும்பினார்களோ, அது திரையில் இருக்கின்றதா இல்லையா என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை எழுப்பியவருள் ஒருவர், ஆங்கிலத்தில் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயண். 1958ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'வழிகாட்டி' என்னும் நாவல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. அக்கதை நிகழும் ஊர் மால்குடி. அது தென்னாட்டுச் சிற்றூர் ஒன்றைப் போன்றது. அவர் கற்பனையில் பிறந்தது. 1965ஆம் ஆண்டில் அந்நாவல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படமாயிற்று. படமெடுத்தவர்கள் மால்குடியை விட்டுவிட்டு ஜெய்ப்பூருக்கும் உதயப்பூருக்கும் சென்றார்கள். அரண்மனைகளையும் ஏரிகளையும் வண்ணத்தில் காட்டினார்கள். இந்திப் படம் பரிசுகளைப் பெற்றது. மக்களும் அதனை விரும்பிக் கண்டனர். நூலாசிரியர் மட்டும் மகிழவில்லை. தம் கதை வழி தவறிப் போயிற்று என்று நயமாக எள்ளி ஒரு கட்டுரையே எழுதினார். அவருடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. சிற்றூரின் சிறுமையும் அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் நெருக்கமுமே அக்கதையின் உயிர். அரண்மனை வாயிலில் அவை எங்ஙனம் பிழைக்கும்? பிற்காலத்தில், 1986ஆம் ஆண்டளவில், சங்கர் நாக் என்னும் கன்னட நடிகர் அவருடைய சிறுகதைகளைத் தூர்தர்சனுக்காகத் தொடராக இயக்கினார். கருநாடக மலைநாட்டில் ஆகும்பே என்னும் சிற்றூரையே அவர் மால்குடி ஆக்கினார். ஆடம்பரம் சிறிதும் இல்லாத அத்தொடரை மக்கள் இன்றும் அன்போடு நினைக்கின்றனர். ஆதலால், திரைக்குச் சென்ற நூல் எல்லாம் கெடும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நாராயணின் நாவலுக்கு நேர்ந்ததினும் பெரிய மாற்றம் தமிழ்நாட்டில் நேர்ந்துள்ளது. அது தருமபுரி மண்ணைச் சார்ந்த பாடல்களுக்கு நேர்ந்தது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி இருந்து ஆண்ட ஊர் அது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ள அதியமான்கோட்டை அவன் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவன் பெயர் பொறித்த கல்வெட்டொன்று திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இவ்வரசனுடைய நண்பராக விளங்கியவர் ஔவையார். சங்க நூல்களில் ஔவையார் பெயரால் ஐம்பத்தொன்பது பாடல்கள் உள்ளன. அவற்றுள் முப்பத்து மூன்று புறநானூற்றில் உள்ளவை. அஞ்சியைப் பற்றி அவர் பாடிய பாடல்கள் புகழ்ச்சியுரைகள் மட்டும் அல்ல. ஒரு நட்பின் வரலாறே அவற்றில் அடங்கியிருக்கின்றது.

உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் அரிய நெல்லிக்கனியை, அதன் பயனைத் தன் நெஞ்சில் மறைத்துக்கொண்டு அஞ்சி அவருக்கு ஈந்ததை எல்லாரும் அறிவர். ஆனால், அதே அஞ்சி ஒருமுறை பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது, ஔவையார் சினந்து யாழையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டதை அறிந்தவர் எத்தனை பேர்? அவர் அரசனிடம் முறையிடவில்லை. வாயில் காப்போனை விளித்தே பேசினார். உன் அரசன் தன்னையும் அறியான், என்னையும் அறியான். உலகில் அறிவும் புகழும் உடையோர் மாய்ந்துவிடவில்லை. எத்திசை சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்று சொல்லி நிமிர்ந்து நின்றார். கோடரியோடு காட்டுக்குள் செல்லும் தச்சனுடைய பிள்ளைகளுக்கு மரம் கிடையாமற் போகுமோ என்பது அவர் எடுத்துக்காட்டிய உவமை. பசியும் மானமும் ஒருங்கே உடைய புலவர் ஒருவரின் குரல் அது.

மற்றொரு பாட்டில் பகைவேந்தன் ஒருவன் அவரைப் பார்த்து, உங்கள் நாட்டில் என்னோடு பொரவல்லார் உளரோ என்று வினவுகின்றான். அவ்வாறு வினவுபவன் அவரை எவ்வாறு விளிக்கின்றான் என்பதை மாணவர் உற்று நோக்க வேண்டும். மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியே என்று அவன் அழைக்கின்றான். மூதாட்டி என்று அழைக்கவில்லை. ஆகவே, தகடூர் அவையில் பாடிய ஔவையார் நரைமூதாட்டியாக அன்றி, இளமை நலம் உடைய பெண்ணாகவே பாட்டில் தோன்றுகின்றார்.

இனி, திரையில் தோன்றிய ஔவையாரைக் காண்போம். செமினி நிறுவனத்தின் உரிமையாளர் எஸ். எஸ். வாசன் பல ஆண்டுகள் உழைத்துப் பெரும்பொருள் செலவிட்டு 'ஔவையார்' என்னும் படத்தை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனை இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. ஔவையாராகத் தோன்றியவர் கே. பி. சுந்தராம்பாள். அவருடைய வெண்கலக் குரல் கேட்டோர் நெஞ்சை விட்டு அகலாதது. அவர் பாட்டுக்காகவே படத்தைப் பன்முறை கண்டவர் பலர். அதில் குறை காண்பார் யாரும் இலர். ஆயினும், கதையோ திருமணத்தை வெறுத்த கன்னி ஒருத்தி பிள்ளையாரை வேண்டி ஒரு நொடியில் கிழவி ஆனதைச் சொல்வது. யானைக்கூட்டம் வந்து கோட்டையைத் தகர்ப்பது. அற்புதத்தின் மேல் அற்புதமாக அடுக்கிச் செல்வது. அங்கவை சங்கவையின் துயரும் அதில் வரும். நீதியும் பக்தியும் வரும். வாயில் காப்போனிடம் சினந்து நின்ற புலவர் எங்கே? மை தீட்டிய கண்ணையுடைய விறலி எங்கே?

ஒன்றை நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஔவையார் என்னும் பெயருடையார் ஒருவர் அல்லர், பலர் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. சங்ககாலத்து ஔவையார் ஒருவர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் வேறொருவர். இவர்களை ஒருவராக்கி, அவரையும் கிழவியாக்கிக் கதை சொன்னது திரைப்படம் அன்று. பாட்டிமார் வாய்வழிக் கதைகளும் பழைய தொகுப்புகளும் அதனை முன்பே செய்துவிட்டன. ஆனால், வாய்வழிக் கதையில் வந்த ஔவைக்கு முகம் இல்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்ற முகத்தை நெஞ்சில் வரைந்துகொண்டனர். திரை வந்தது, ஒரே முகத்தையும் ஒரே குரலையும் நிலைநாட்டிவிட்டது. 1965ஆம் ஆண்டின் 'திருவிளையாடல்' படத்திலும் 1967ஆம் ஆண்டின் 'கந்தன் கருணை' படத்திலும் சுந்தராம்பாளே மீண்டும் ஔவையாராக வந்து அம்முகத்தை உறுதிப்படுத்தினார். தொலைக்காட்சி வந்தபின் அப்படங்கள் வீட்டுக்கூடத்திற்கே வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் இன்று ஒரு சிறுவனிடம் ஔவையார் படம் வரையச் சொன்னால், அவன் கோல் ஒன்றையும் திருநீற்றையும் முதலில் வரைவான். தகடூர் மண்ணில் பிறந்த சிறுவனும் அவ்வாறே வரைவான் என்பதுதான் வருந்தத்தக்கது.

1987ஆம் ஆண்டில் தூர்தர்சனில் 'இராமாயணம்' தொடங்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின. மிதிலையில் இருவர் கண்கள் ஒன்றையொன்று கவ்வியதைக் கம்பர் சில சொற்களில் பாடி முடித்தார். கற்பவர் அதனை ஆயுள் முழுவதும் எண்ணிக் களிக்கலாம். தொடரிலோ யாரேனும் ஒரு சொல் சொன்னால், அவையில் உள்ளோர் முகம் ஒவ்வொன்றையும் முறையே காட்டி முடிப்பதற்குள் காண்பவர் உணவு உண்டு எழலாம்!

'ஔவையார்' படத்தைக் கல்கியும் டி. கே. சி.யும் மனமாரப் புகழ்ந்தனர். அதே படத்தைக் கண்ட ராஜாஜிக்கு அது பிடிக்கவில்லை. இடியும் மழையும் யானைகளும் சேர்ந்தால் மட்டும் நல்ல படம் ஆகிவிடாது என்னும் கருத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, தகடூரிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதன்று. 1965ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதில் அடங்கியிருந்த அவ்வூர், 2004ஆம் ஆண்டு முதல் கிருட்டினகிரி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. அவர் எழுதிய 'திக்கற்ற பார்வதி' என்னும் கதை, குடியால் ஓர் எளிய உழவர் குடும்பம் அழிந்ததைக் கூறுவது. 1937ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதன்முறையாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியவர் அவர். அந்நாளில் தருமபுரியும் அம்மாவட்டத்தின் பகுதியே. அவர் மறைந்தபின், 1974ஆம் ஆண்டில், சிங்கீதம் சீனிவாசராவ் அக்கதையைப் படமாக்கினார். யானையும் இடியும் அதில் இல்லை. சிறிய கதை சிறியதாகவே இருந்தது. தமிழின் சிறந்த படத்திற்குரிய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. திரளான மக்கள் கூட்டம் கிடைக்கவில்லை. இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. பெரும்பொருள் போட்டவர் பெருங்கூட்டத்தை நாடுவர். கூட்டத்தை நாடும்போது எளிதில் விளங்குவதையே நாடுவர். அற்புதம் எளிதில் விளங்கும்; குறிப்புமொழி எளிதில் விளங்காது.

அக்குறிப்புமொழியில் ஔவையார் வல்லவர் என்பதற்குத் தொண்டைமானிடம் அவர் தூது சென்ற பாட்டே சான்று. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் அழகாக இருந்தன. இவை இங்கே அழகாக உள்ளன. எம் வேந்தன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறுகொட்டிலில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போல இகழ்ந்து, இகழ்வது போலப் புகழ்ந்து, போரின் கொடுமையைத் தொண்டைமானுக்கு அவர் உணர்த்தினார். இதனைப் படமாக்க இரண்டு பேரும் ஓர் அறையும் சில வேல்களும் போதும். அச்சொல்லின் கூர்மையைப் பார்ப்பவர் உணருமாறு செய்வதுதான் அரிது.

தூது சென்றும் போர் ஓயவில்லை. பின்னொரு காலத்தில் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். அப்போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் அழிந்துபோய், சில பாடல்களே எஞ்சியுள்ளன. அஞ்சி மார்பில் வேல் பாய்ந்து வீழ்ந்தபோது ஔவையார் பாடிய பாட்டு மட்டும் புறநானூற்றில் முழுமையாக இருக்கின்றது. சிறிது கள் கிடைத்தால் எமக்கே தருவானே என்று அவர் அதனைத் தொடங்குகின்றார்; பள்ளி நூல்கள் பெரும்பாலும் இவ்வடியைத் தொடாமலே சென்றுவிடும். ஒளிப்படக் கருவி அந்தப் போர்க்களத்தில் இருந்திருந்தால், மார்பில் தைத்த ஒரு வேலைக் காட்டியிருக்கும். ஔவையார் கண்ட வேலோ அம்மார்போடு நிற்கவில்லை. அது பாணர்களின் உண்கலங்களைத் துளைத்தது. இரப்போர் கைகளின் ஊடே சென்றது. அவனை நம்பி வாழ்ந்த சுற்றத்தாரின் கண்மணிகளை ஒளி மழுங்கச் செய்தது. கடைசியில் புலவர்களின் நாவிலே சென்று வீழ்ந்தது.