இரண்டு தோடிகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தோடி ராகம் என்றால் இரண்டு பேர்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, அவருடைய சீடரும் கோவில்பட்டியில் வாழ்ந்தவருமான காருகுறிச்சி அருணாசலம். இசைத்தட்டு சேர்ப்பவர்கள் இருவரில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியை ஃபூர்ட்வாங்லர் 1947இல் பெர்லினில் நடத்தியதையும் கார்லோஸ் கிளைபர் 1974இல் வியன்னாவில் பதிந்ததையும் ஒப்பிடலாம். இருவர் முன்னும் இருந்தது ஒரே இசைக்குறிப்பு. தோடிக்கு அப்படி ஏது? அதிலும் பிள்ளையின் தோடி வந்த 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையை அதற்குள் கொண்டுவர, பிள்ளை எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பதுதான் அந்தத் தட்டின் கலையே. அருணாசலத்தின் கச்சேரி ஒலிநாடாவை அதன் பக்கத்தில் வைத்து அளப்பது தப்பு. தட்டைத் தட்டோடு கேளுங்கள், கச்சேரியைக் கச்சேரியோடு. 1956இல் குருவும் 1964இல் சீடரும் போய்விட்டார்கள். யார் வீட்டுப் பரணிலாவது பழைய நாகஸ்வர நாடா கிடந்தால், பூஞ்சை பிடிக்கும் முன் முதலில் அதைப் பிரதி எடுங்கள்; ஒப்பீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.