பத்துக்குப் பத்து மீட்டர்

ஜூலை 26, கார்கில் நினைவு நாள். கோவைப் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் படம் வைத்து மாலை போடுகிற நாள். இளம் வயதில் எல்லையில் உயிர்விட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நல்ல காரியம்தான், பெற்ற வயிற்றுக்கு அந்த ஆறுதலாவது மிச்சம். என் கேள்வி ஒன்றுதான்: செத்தது காலனிப் பிள்ளை என்றால், மாலைக்குப் பிறகு என்ன?

2016 ஜூன் 25. காஷ்மீர் பாம்போரில் நடந்த தாக்குதலில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 8 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் வீர் சிங். உத்தரப்பிரதேசம் பிரோசாபாத் மாவட்டம் நக்லா கேவல் ஊர்க்காரர், நட் என்கிற பட்டியல் சாதி. கொடி போர்த்திய உடல் ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிக்காரர்கள் மறித்தார்கள். குடும்பம் கேட்டது சிலை வைக்கவும் சேர்த்துப் பத்துக்குப் பத்து மீட்டர் இடம். அதிகாரிகள் வந்து பேசிய பிறகுதான் அதுவும் கிடைத்தது. தேசபக்தி சுடுகாட்டு வாசல் வரைதான் போலிருக்கிறது.

'அது வடக்கே' என்பீர்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டு, தலித் ஒருவரின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அது எந்த மாநிலம்? நம் கொங்கிலேயே, அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று 2018-ல் பெற்றோர்கள் திரண்டார்களே?

பட்டாளம் நமக்குப் புதிதும் அல்ல. பீமா கோரேகான் தூணில் மகர் வீரர்களின் 22 பெயர்கள் இருக்கின்றன. மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் திரளாக இருந்தார்கள். அம்பேத்கரின் அப்பா சுபேதார். அதே மகர்களை 1890களில் 'போர்க்குடி அல்ல' என்று சொல்லி ஆளெடுப்பிலிருந்து வெள்ளைக்காரன் ஒதுக்கினான். ரத்தம் வேண்டும்போது வீரன், வேண்டாதபோது தீண்டத்தகாதவன்.

என் சித்தப்பா பதினேழு வருசம் ராணுவத்தில் இருந்தவர். லங்கரில் எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பிட்டவர். ஓய்வுபெற்று வந்ததும் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர். அவரோடு ஒரே முகாமில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பா செத்தபோது சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்தது. கொண்டுவந்தவர்கள் காலனி முக்கிலேயே கொடுத்துவிட்டு ஜீப்பைத் திருப்பினார்கள்.

முன்னாள் ராணுவத்து ஐயாக்களே, உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. கலெக்டர் எழுந்து நின்று கை கொடுப்பது உங்களுக்குத்தான், எங்களுக்கு அல்ல. சுடுகாட்டுப் பாதை கேட்டு நாங்கள் மனு கொடுக்கும்போது அந்த மெடல்களைக் குத்திக்கொண்டு கூட வந்து நில்லுங்கள். அடுத்த ஜூலை 26-க்கு மேடையைக் காலனிக்குள் போடுங்கள். டீயும் அங்கேயே போடச் சொல்கிறோம், எங்கள் டம்ளரில்.